கதிரவேலு செத்துப்போன விடைத்தாள்

புகையிலை பதமாக்கும் குடிலில் புகை மூட்டியிருக்கிற வீட்டுக்கு ஒருவரும் வெள்ளை உடுத்திக்கொண்டு வருவதில்லை. வந்தால் போகும்போது சீலை பழுப்பாகத்தான் போகும், பிறகு எத்தனை தரம் வெளுத்தாலும் அந்த மணம் போகாது. அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் வேலிப் படலையடியில் ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டி வந்து நின்று, அதிலிருந்து வெள்ளைச் சீலை உடுத்த ஒரு அம்மா இறங்கியதைக் கண்டதும், யாரோ வழி தவறி வந்துவிட்டார்கள் என்றே சின்னாச்சி நினைத்தாள்.

பங்குனி வெயில் சாயத் தொடங்கிய நேரம். சின்னாச்சி குடில் வாசலில் குந்தியிருந்து, பொச்சுமட்டையையும் பனங்கொட்டை ஊமலையும் அளவறிந்து நெருப்புக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். சுவாலை எழும்பினால் இலை கருகிவிடும், புகை குறைந்தால் பதம் வராது. விடியற்காலை தொடங்கின வேலை. கையும் முகமும் கரியாக இருந்தன. அவள் எழும்பிக் கையைத் துடைக்க இடம் தேடுவதற்குள் வந்த அம்மா நேரே வந்து அந்தக் கரிக்கை இரண்டையும் பிடித்துக்கொண்டா.

"நான் கிரேஸ் ரீச்சர். மகாதேவிக்கு இங்கிலீசு படிப்பிக்கிறனான். நீங்கள் தாயார்தானே?"

"ஓம் ரீச்சரம்மா. கை அழுக்கு, விடுங்கோ. சீலை பழுதாப் போகும்."

"சீலை கிடக்கட்டும். என்னெண்டு அம்மா தாங்கிறியள்?"

"தாங்கத்தானே வேணும். ஒவ்வொரு பங்குனியும் இப்பிடித்தான்."

ரீச்சரின் கண் நிறைந்துவிட்டது. "எனக்கும் அப்பா போகேக்கை மகாதேவியின்ரை வயசுதான். அதாலை எனக்கு அந்தத் துக்கம் தெரியும்" என்றா.

இவவுடைய தகப்பன் காலமாகிவிட்டார் போலிருக்கிறது, மனம் ஆற ஒரு இடம் தேடி வந்திருக்கிறா என்று சின்னாச்சி விளங்கிக்கொண்டாள். அவள் இளகின மனசுக்காரி. யாருடைய தகப்பனாக இருந்தால் என்ன. "அழாதேங்கோ அம்மா. அவருக்கு அவ்வளவுதான் விதிச்சது. நோயிலை கிடந்தவரோ, சட்டெண்டு போட்டாரோ?" என்று கேட்டு ரீச்சரின் முதுகைத் தடவினாள். வெள்ளைச் சீலையில் ஐந்து விரலும் பதிந்தன.

ரீச்சர் கொஞ்சம் தலையைப் பின்னே எடுத்துச் சின்னாச்சியின் நெற்றியைப் பார்த்தா. குங்குமப் பொட்டு. கழுத்தைப் பார்த்தா. தாலிக்கொடி. சைவக்காரருக்கு இதையெல்லாம் எடுக்க ஒரு நாள் இருக்கும், நாங்கள் என்ன கண்டோம் என்று நினைத்திருப்பா.

"இண்டைக்குக் காலமை பள்ளிக்கூடத்திலை எல்லாரும் எழும்பி நிண்டு செபம் பண்ணினனாங்கள்."

"ஆருக்கு அம்மா?"

"மகாதேவியின்ரை தேப்பனுக்குத்தான்."

சின்னாச்சிக்கு அந்த வசனம் காதுக்குள் போய் நின்றது, அதற்கு அப்பால் போகவில்லை. "அவருக்கு என்னத்துக்கு?" என்றாள். கேட்டுக்கொண்டே திரும்பிக் குடிலைப் பார்த்தாள். புருஷன் கதிரவேலு மேல்தடி இலையைப் புரட்டிவிட உள்ளே போனது இந்த அம்மா வருவதற்கு முன். இன்னும் வெளியே வரவில்லை. வாசலை அடைத்துப் புகை சுருண்டுகொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டாள்.

சத்தமில்லை.

பள்ளிக்கூடத்தில் இருக்கிற படித்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது, தனக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்றெல்லாம் அந்தக் கணத்தில் யோசிக்க முடியுமா? சின்னாச்சி தாலியை ஒரு கையால் பொத்திக்கொண்டு, குனிந்து, புகைக்குள் தலையைக் கொடுத்தாள். "இஞ்சாருங்கோ, எங்கை நிக்கிறியள்?" குரல் புகைக்குள் அமுங்கிப்போனது.

"ஏனடி கத்துறாய்? மூச்சுப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவன் வாயைத் திறக்கேலுமே?" என்று இருமிக்கொண்டு கதிரவேலு வெளியே வந்தான். நாலுமுழ வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். உடம்பெல்லாம் சாம்பல், கண் இரண்டும் கோவைப்பழம். சின்னாச்சி அவன் தோளைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு கன்னத்தை, பிறகு நெஞ்சை.

"என்னடி இது, ஆக்கள் நிக்கேக்கை?"

"இவர் ஆர்?" என்றா ரீச்சர்.

"பிள்ளையின்ரை தேப்பன்" என்றாள் சின்னாச்சி.

ரீச்சர் பின்னுக்கு ஒரு அடி வைத்தா, இன்னொரு அடி வைத்தா, அங்கே குவித்திருந்த ஊமலில் கால் இடற அப்படியே அதன்மேல் இருந்துவிட்டா. ஊமல் குவியல் கலகலவென்று சரிந்தது.

*

அச்சுவேலிக்குக் கிழக்கே அந்தக் குறிச்சியிலிருந்து இங்கிலீசு படிக்கப் போன பெண்பிள்ளை மகாதேவி ஒருத்திதான். மலாயாவில் உத்தியோகம் பார்க்கிற மாப்பிள்ளைமார் இங்கிலீசு தெரிந்த பெண்ணாகக் கேட்கிறார்கள் என்ற பேச்சில்தான் அவளைப் பாதிரிமாரின் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். போகப்போக அவள் மாப்பிள்ளையை மறந்துபோனாள். தண்ணீர் அள்ளும்போதும் ஒரு வினைச்சொல்லை எடுத்து, நடந்தது, நடக்கிறது, நடக்கப்போவது என்று மூன்று காலத்திலும் இங்கிலீசில் சொல்லிச் சொல்லித்தான் கிணற்று ஏற்றத்தின் துலாக்கயிற்றை இழுப்பாள். தகப்பனுக்கு அதைக் கேட்க நல்ல விருப்பம். ஏதோ தேவாரம் மாதிரி இருக்கிறது என்பான்.

குடிலுக்கு ஆள் போதாதென்று திங்கட்கிழமை அவளைச் சின்னாச்சிதான் மறித்து வைத்திருந்தாள். ரீச்சர் வந்தபோது அவள் பனங்காணிக்குள் ஊமல் பொறுக்கிக்கொண்டு நின்றாள். கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவள், ஊமல் குவியலில் இருக்கிற ரீச்சரையும், தாலியைப் பொத்திக்கொண்டு நிற்கிற தாயையும் கண்டு கடகத்தை இறக்க மறந்து நின்றாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு இலக்கியச் சோதினை நடந்தது. யூனியர் என்கிற பெரிய சோதினைக்கு எந்தப் பிள்ளைகளை அனுப்பலாம் என்று பார்ப்பதற்கான சோதினை. அதில் ஒரு கேள்வி: தகப்பனைக் கடல் கொண்டுபோன ஒரு மீன்காரன் மகளைப் பற்றிப் படித்தீர்கள் அல்லவா, அவளுடைய இடத்தில் நீ நின்று அந்த நாளை உன் சொந்த வசனத்தில் எழுது.

"மற்றப் பிள்ளையள் எல்லாம் நோட்ஸிலை இருக்கிறதைப் பாடமாக்கி அப்பிடியே எழுதிப்போட்டினம்" என்றா ரீச்சர். தண்ணீர் குடித்த பிறகு அவவுக்குக் கொஞ்சம் நிதானம் வந்திருந்தது. "எல்லாத் தாளிலையும் ஒரே அலை, ஒரே காத்து. மகாதேவி கடலை எழுதேல்லை. தோட்டத்தை எழுதினாள். விடிய அப்பு இறைக்கப் போனது, கஞ்சி கொண்டு போனது, போகேக்கை துலா சும்மா ஆடிக்கொண்டு நிண்டது. பிறகு ஆக்கள் வந்தது, தாய் விழுந்து அழுதது. வாசிச்சு நான் அழுதனான். இண்டைக்குப் பாத்தால் பிள்ளை பள்ளிக்கூடம் வரேல்லை. நான் வேறை என்னெண்டு நினைக்கிறது, சொல்லுங்கோ?"

"நடந்து முடிஞ்ச மாதிரியே எழுதினவள்?" என்று கேட்டான் கதிரவேலு.

"ஓம். ஒரு வசனத்திலைகூடக் காலம் பிசகேல்லை."

கதிரவேலு தலையை ஆட்டினான். அந்த ஆட்டலில் கொஞ்சம் பெருமையும் இருந்ததைச் சின்னாச்சி கண்டாள்.

"என்ரை பொட்டையும் பூவையும் எடுத்து எழுதியிருக்கிறாள். நீங்கள் தலையாட்டுறியள்."

ரீச்சர் எழும்பினா. சீலையின் பின்புறம் பழுப்பும் கரியுமாக இருந்தது. "பிள்ளையை ஏசாதேங்கோ. வகுப்பிலை அவளுக்குத்தான் கூடின புள்ளி. வெள்ளிக்கிழமைக்குள்ளை சோதினைக்குப் பேர் அனுப்ப வேணும். தாய் தேப்பன் ஓம் எண்டால்தான் அனுப்பலாம். நாளைக்குப் பிள்ளையிட்டைச் சொல்லி விடுங்கோ."

"நாளைக்கு அவள் வரமாட்டாள்" என்றாள் சின்னாச்சி. "நாளையிண்டைக்கும் வரமாட்டாள். தேப்பனைக் கொண்டுதான் புள்ளி எடுக்க வேணுமெண்டால் எங்களுக்கு உந்தப் புள்ளி வேண்டாம் ரீச்சரம்மா."

*

ரீச்சரின் திருக்கல் மறைந்த பிறகு சின்னாச்சி செய்த முதல் வேலை, உப்பும் செத்தல் மிளகாயும் படலையடி மண்ணும் கையில் எடுத்துக் கதிரவேலுவைக் கிழக்கே பார்க்க இருத்தி, தலையைச் சுற்றி நாவூறு கழித்ததுதான். அடுப்பில் போட்டபோது மிளகாய் கமறவில்லை.

"பாத்தியளே, கமறேல்லை. அவ்வளவு கண்ணூறு. ஒரு பள்ளிக்கூடமே எழும்பி நிண்டு உங்களை அனுப்பி வைச்சிருக்கு."

"நாள் முழுக்கப் புகைக்குள்ளை நிண்டனான். எனக்கு இனி எது கமறும்?"

அவள் மகளிடம் போனாள். மகாதேவி குசினி மூலையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். உருவின இலையைவிட நிலத்தில் சிந்தினது கூட.

"ஏன்ரி, செத்துப்போக உனக்கு வேறை ஆள் கிடைக்கேல்லையே? மாடு செத்தது எண்டு எழுதியிருக்கலாமே?"

"கேள்வி தேப்பனைப் பற்றித்தான் ஆச்சி."

"அப்ப அந்த மீன்காரனைச் சாகவிட்டிருக்கலாம். அவன் ஏற்கனவே செத்தவன்தானே."

"நான் கடலைக் கண்டது ஆடியமாவாசைக்குக் கீரிமலைக்குப் போகேக்கை மட்டும்தான். மயிலிட்டிக் கடற்கரைப் பிள்ளை எண்டால் கடலை எழுதும். சொந்த வசனத்திலை எழுதச் சொன்னால் எனக்குத் தெரிஞ்சது எங்கடை கிணத்தடிதானே."

"எழுதேக்கை கை நடுங்கேல்லையே?"

மகாதேவி முருங்கையிலையைப் பார்த்துக்கொண்டே, "நடுங்கினதுதான்" என்றாள். "எழுத்துக் கோணிப்போச்சு. அப்பு இல்லாட்டி என்ன எண்டு யோசிச்சு யோசிச்சுத்தான் எழுதினனான். எழுதிப்போட்டு வந்து அண்டைக்குப் பின்னேரம் அப்புவைக் கண்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கினது."

அதைக் கேட்டதும் சின்னாச்சிக்குக் கோபம் இன்னும் கூடியது. பிள்ளையைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் எழும்பிப் போனாள்.

கூழ் குடிக்க இருந்தபோது கதிரவேலு பனையோலைப் பிளாவைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லக் கேட்டான்.

"பிள்ளை, நான் எதாலை செத்தனான்?"

"துலாவிலையிருந்து விழுந்து, அப்பு."

"ஆர், நானோ?" அவன் பிளாவைக் கீழே வைத்துவிட்டான். "நடக்கப் பழகின நாளிலையிருந்து துலாவிலை ஏறி மிதிக்கிறன். மழை பெய்து வழுக்கேக்கைகூட நான் கயிறு பிடிச்சதில்லை. ஊரிலை ஆரையும் கேட்டுப்பார். கதிரவேலு துலாவாலை விழுந்தான் எண்டால் சிரிப்பாங்கள். ஒரு பாம்பு கடிச்சது எண்டு எழுதியிருக்கக் கூடாதே?"

"நீங்களும் ஒரு ஆளே?" என்றாள் சின்னாச்சி. "எப்பிடிச் செத்தால் நல்லது எண்டு இருந்து கதைக்கிறார். கூழைக் குடியுங்கோ."

அந்த வீட்டில் சாவுப் பேச்சு இப்படிச் சிரிப்புக்கு எடுக்கிற பேச்சு அல்ல. ஏற்கனவே ஒன்று அங்கே கிடந்தது. கதிரவேலுவின் தாய் காலமானபோது அடைமழை. சாவகச்சேரிப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட தமக்கை வள்ளிப்பிள்ளைக்குச் சொல்ல அனுப்பின ஆள் வெள்ளத்தில் நின்று நின்று பிந்திப் போனான். அவள் வண்டி பிடித்து வந்து சேரும்போது சவத்தைக் குளிப்பாட்டி, எடுத்துக்கொண்டும் போய்விட்டார்கள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. தாயின் முகத்தைப் பார்க்காமலே அவள் ஈரச் சீலையோடு முற்றத்தில் நின்றாள். "என்னைக் காத்திராமல் கொண்டுபோனான். இனி இந்தப் படலையை நான் துறக்கிறதெண்டால் உவன்ரை செத்தவீட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அதே வண்டியில் ஏறிப் போனவள்தான். நல்லது கெட்டது ஒன்றுக்கும் வரவில்லை. மகாதேவி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கும் வரவில்லை. கதிரவேலுவும் போய்க் கூப்பிடவில்லை. மழை பெய்தது என்ரை குற்றமோ என்பான்.

*

செவ்வாய்க்கிழமை விடியப்புறம் சின்னாச்சி நீத்துப்பெட்டியில் குரக்கன் மாப் புட்டை அவியவிட்டுத் தேங்காய்ப்பூத் துருவிக்கொண்டிருந்தாள். பனி இன்னும் விலகவில்லை. கதிரவேலு கிணற்றடியில் துலாவை இழுத்து இழுத்துத் தலையில் வார்த்துக்கொண்டிருந்தான். ஓலைப் பட்டை நிறைகிற சத்தமும் தண்ணீர் விழுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன.

அப்போதுதான் வேலிக்கு வெளியே ஒழுங்கையில் அந்தக் குரல் எழும்பியது.

"கூடப் பிறந்தவனே, எனக்குக்
குடை போல நிண்டவனே,
கோவத்திலை போனவளைக்
கூப்பிடாமல் போனியோ."

சின்னாச்சியின் கையிலிருந்து தேங்காய்ப் பாதி நழுவி உருண்டது. குரலை அவளுக்குத் தெரியும். ஊரில் அப்படி ஒப்பாரி சொல்ல வேறு ஆள் கிடையாது. அவள் குசினி வாசலுக்கு ஓடி வரவும் படலை திறக்கவும் சரியாக இருந்தது.

வள்ளிப்பிள்ளை தலையை விரித்துவிட்டிருந்தாள். தலைமயிர் முழுக்க நரைத்துப்போயிருந்தது. வந்த வண்டி ஒழுங்கையில் நிற்க, இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்தவள் முற்றத்தின் நடுவில் நின்றாள். பந்தல் இல்லை, பறை இல்லை, அயலட்டைச் சனம் ஒன்றும் இல்லை. குசினிக் கூரையால் புகை போய்க்கொண்டிருந்தது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது யாருக்குத் தெரியாது? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த நேரம் கிணற்றடியில் தண்ணீர் வார்க்கிற சத்தம் கேட்டது.

"பாவியள்" என்றாள். "குளிப்பாட்டத் தொடங்கிப்போட்டியளோ? இந்த முறையும் என்னைக் காத்திராமல் குளிப்பாட்டுறியளோ?"

"மச்சாள், நில்லுங்கோ, நான் சொல்லுறதைக் கேளுங்கோ" என்று சின்னாச்சி கையை நீட்டினாள். வள்ளிப்பிள்ளை அவளைத் தள்ளிவிட்டு வாழைக்குள்ளால் ஓடினாள். வயது போன மனுஷி அப்படி ஓடுவாள் என்று ஒருவரும் நினைக்க முடியாது.

கதிரவேலு கண்ணை மூடிக்கொண்டு தலையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். சிகைக்காய்த் தண்ணீர் முகத்தால் வழிந்தது. யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டு ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

தமக்கையும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பட்டை அவன் கையை விட்டுப் போக, துலா விசையோடு மேலே எழும்பிக் கிறீச்சிட்டது.

"அக்கா" என்றான்.

வள்ளிப்பிள்ளை கிட்டப் போனாள். அவன் கையைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது, கிணற்றுத் தண்ணீர்தானே. அந்தக் குளிர் அவளை இன்னும் கலக்கிவிட்டது போலும், அவன் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவன் ஈர முதுகில் இரண்டு கையாலும் போட்டுப் போட்டு அடிக்கத் தொடங்கினாள்.

"செத்தனீ எண்டாங்கள். ராவு முழுக்க வண்டியிலை அழுதழுது வந்தனான். ஏன்ரா சாகேல்லை? ஏன்ரா நீ சாகேல்லை?"

"அடியாதை அக்கா. நோகுது."

"நோகட்டும். நோகட்டும்."

அடித்துக் களைத்து அவள் கிணற்றுக்கட்டில் சாய்ந்தாள். சின்னாச்சி ஓடி வந்து நின்றாள். மகாதேவி வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது மச்சாள்?"

"இவளின்ரை பள்ளிக்கூடத்துத் தையல் ரீச்சர். எங்கடை ஒழுங்கைதான். நேற்றுப் பின்னேர வஸ்ஸிலை வந்து சொன்னவ, செபம் பண்ணினவை, பிள்ளை எழுதி அறிவிச்சது எண்டு." வள்ளிப்பிள்ளை மகாதேவியைத் திரும்பிப் பார்த்தாள். கடைசியாகக் கண்டபோது இடுப்பில் தூக்குகிற பிள்ளை. "உதோ அந்தப் பிள்ளை? இஞ்சை வாடி."

மகாதேவி வந்தாள்.

"ஏன் அப்பிடி அறிவிச்சனீ?"

"அறிவிக்கேல்லை மாமி. இங்கிலீசிலை ஒரு கேள்வி. அதுக்கு மறுமொழி எழுதினனான்."

"உன்ரை அப்பன் செத்தது மறுமொழியோ?"

"ஓம் மாமி."

துலா இன்னும் சின்னதாக ஆடிக்கொண்டிருந்தது. தான் திறக்கமாட்டேன் என்ற படலை அங்கே பப்பரப்பாவென்று திறந்து கிடப்பது வாழைகளுக்கூடாகத் தெரிந்தது. வள்ளிப்பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, வேறு யாருக்கும் கேட்கக்கூடாது போலக் கேட்டாள்.

"நீ எழுதினதிலை, நான் வந்தனானோ?"

ரீச்சர் இதைச் சொல்லவில்லையே. ஓமென்றாலும் தப்பு, இல்லையென்றாலும் தப்பு. பேசாமல் இரடி என்று சின்னாச்சி மகளுக்குக் கண்ணால் காட்டினாள். மகள் பார்க்கவில்லை.

"வந்தனீங்கள் மாமி."

"வந்து?"

"வந்து படலையைத் துறக்கேக்கை அப்புவைக் கொண்டு போயிட்டினம்."

கதிரவேலுவின் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் கல்லில் விழுவது தனித்தனியாகக் கேட்டது.

"ஏன் அப்பிடி எழுதினனீ?"

"அப்பிடித்தான் நடக்கும் எண்டு நினைச்சனான் மாமி. சாவகச்சேரியிலையிருந்து வர நேரம் செல்லும்தானே. அப்பாச்சிக்கும் அப்பிடித்தானாமே."

"பிறகு?" என்றாள் வள்ளிப்பிள்ளை. "பிறகு நான் என்ன செய்தனான்?"

"பிறகு நீங்கள் கிணத்தடிக்கு வந்தனீங்கள். அப்புவைக் குளிப்பாட்டின ஈரம் காயாமல் கிடந்தது. அதிலை காலை வைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

"நிண்டு?"

"அவ்வளவுதான் மாமி. மணி அடிச்சுப்போட்டினம். தாளை வாங்கிப்போட்டினம்."

வள்ளிப்பிள்ளை குனிந்து தன் காலைப் பார்த்தாள். சிகைக்காய் நுரையோடு தண்ணீர் அவள் விரல்களுக்கு இடையால் வாழைப்பாத்திக்குப் போய்க்கொண்டிருந்தது. மெதுவாகக் காலைத் தூக்கினாள். பிறகு அதே ஈரத்தில் திரும்ப வைத்தாள்.

"அக்கா" என்றான் கதிரவேலு. "அண்டைக்கு மழை விடாமல்..."

"கதையாதை."

"இல்லை அக்கா, சொல்ல விடு. மழையாலை இல்லை. மழை பெய்தது மெய்தான், ஆனா ஆச்சியை இன்னும் கொஞ்சம் வைச்சிருந்திருக்கலாம். சனம் எடுங்கோ எண்டு அந்தரப்படுத்தினாங்கள். நான் ஒருத்தன் நில்லுங்கோ எண்டு சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை. வாய் வரேல்லை."

சின்னாச்சி தன் புருஷனைப் பார்த்துத் திகைத்துப்போனாள். இத்தனை காலமும் ஒரே பாயில் படுத்தவளிடம் சொல்லாத கதை. மழை, மழை என்றே சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். நேற்றுப் புகைக்குள் தேடினபோது வந்த பதற்றத்தைவிட இது கூட.

வள்ளிப்பிள்ளை தலைமயிரை அள்ளி முடிந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"செத்தவீட்டுக்கு வந்த சீலையோடை நிக்கிறன். தலையிலை தண்ணியை வாரடா" என்றாள்.

கதிரவேலு துலாக்கயிற்றை எட்டிப் பிடித்தான்.

*

சின்னாச்சியின் மாற்றுச் சீலை வள்ளிப்பிள்ளைக்கு நீளம் காணாது. அதை உடுத்துக்கொண்டு குசினிக்குள் பலகையில் இருந்து, குரக்கன் புட்டையும் முருங்கையிலைச் சுண்டலையும் பேசாமல் சாப்பிட்டாள். புட்டுக் கொஞ்சம் கட்டிபட்டுப் போயிருந்தது. சின்னாச்சி, "குரலைக் கேட்ட உடனை நான் அடுப்பை விட்டிட்டு ஓடி வந்திட்டன் மச்சாள், அதுதான்" என்றாள்.

"பனங்கட்டி இருக்கோ?"

"இருக்கு மச்சாள்." சின்னாச்சி ஓடி எடுத்துக் கொடுத்தாள்.

கோப்பி குடித்து முடித்ததும் வள்ளிப்பிள்ளை எழும்பினாள். வெயில் ஏறமுன் மாட்டைக் கொண்டு போகவேண்டும் என்று வண்டிக்காரன் படலையடியில் நின்று இருமிக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் ஈரச் சீலையைப் பிழிந்து சுருட்டிக் கையில் எடுத்தாள். தம்பியைப் பார்க்கவில்லை. முற்றத்தில் இறங்கி நடந்தாள்.

சின்னாச்சிக்கு அப்போதுதான் அது உறைத்தது. செத்தவீட்டிலிருந்து போகிறவர்கள் ஒருவரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. போட்டு வாறன், போய் வருகிறேன் என்ற சொல்லைத் துக்கவீட்டு முற்றத்தில் நின்று யாரும் எடுப்பதில்லை. எழும்புவார்கள், திரும்பிப் பாராமல் நடப்பார்கள், அவ்வளவுதான். இந்த மனுஷியும் இப்போது அப்படித்தான் நடக்கிறாள். ஒப்பாரி சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தவள் பேசாமல் இப்படியே படலையைத் தாண்டினாளானால், பிள்ளை எழுதினதையும் பள்ளிக்கூடம் செபம் பண்ணினதையும் இவள் கூடப்பிறந்தவளாக நின்று முடித்து வைத்தமாதிரி ஆகிவிடும். கூப்பிடலாம். ஆனால் கேட்டு வாங்குகிற சொல் அல்ல அது. சின்னாச்சி தாலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் கதிரவேலுவும் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது, நேற்றுப் புகைக்குள் நின்றமாதிரி.

வள்ளிப்பிள்ளை படலையைத் தாண்டவில்லை. அதில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உவள் ஏன் இண்டைக்குப் பள்ளிக்கூடம் வெளிக்கிடேல்லை?"

"நான்தான் மறிச்சுப்போட்டன் மச்சாள்" என்றாள் சின்னாச்சி. "வெள்ளிக்கிழமைக்குள்ளை பெரிய சோதினைக்குப் பேர் குடுக்கவேணுமாம். நான் வேண்டாமெண்டுட்டன். இந்தக் கூத்துக் காணும்."

"காணுமோ?" வள்ளிப்பிள்ளை திரும்பினாள். "என்னைக் கொண்டுவந்து கிணத்தடி ஈரத்திலை நிப்பாட்டிப்போட்டு, மணி அடிச்சுப்போட்டுது எண்டு கையைத் துடைக்கிறாள். நான் எத்தினை நாளைக்கு அதிலையே நிக்கிறது? மிச்சத்தை ஆர் எழுதுறது, நீயோ?"

"அதே கேள்வி திரும்ப வராது மாமி" என்றாள் மகாதேவி.

"எந்தக் கேள்வி வந்தாலும் நீ எங்கடை கிணத்தடிக்குத்தானே வருவாய். உன்னை ஒரு நாளிலை அறிஞ்சிட்டன்."

எங்கடை கிணற்றடி என்று அவள் சொன்னதைச் சின்னாச்சி கவனித்தாள். கதிரவேலுவும் கவனித்திருப்பான், தொண்டையைக் கனைத்தான்.

வள்ளிப்பிள்ளை அவனைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, உயிரோடுதான் நிற்கிறானா என்று இன்னொருமுறை பார்க்கிறமாதிரி.

"அப்ப நான் போட்டு வாறன்" என்றாள்.

சின்னாச்சியின் கை தாலியை விட்டது. விரல்கள் விறைத்துப்போயிருந்தன. அவள் வாயிலிருந்து வந்த சொல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"மச்சாள், கொஞ்சம் நில்லுங்கோ. உங்கடை வண்டி பள்ளிக்கூடத்தடியாலைதானே போகும். உவளையும் ஏத்திக்கொண்டு போய் இறக்கி விடுங்கோ." பிறகு மகளிடம் திரும்பினாள். "ஓடிப்போய்ச் சீலையை மாத்தடி. தலையை நான் இழுத்து விடுறன். அந்த ரீச்சரிட்டைச் சொல்லு, பேரை அனுப்பட்டாம் எண்டு. ஆனா இனி இந்த வீட்டிலை ஆரையும் நீ தொடப்படாது, விளங்கிச்சோ?"

மகாதேவி தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடினாள். சின்னாச்சி நின்றபடியே எண்ணெய் தொட்டுப் பின்னிய பின்னல் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளர்ந்து இருந்தது. வண்டி அசையும்போது கதிரவேலு படலைக்கு ஓடி வந்தான்.

"பிள்ளை, திரும்ப எழுத வந்தால் அந்தத் துலாவாலை விழுந்ததை எடுத்துவிடு. ஊர் சிரிக்கும்."

"சரி அப்பு" என்றாள் மகாதேவி. வள்ளிப்பிள்ளை சிரித்தாளா என்று சொல்ல முடியாது. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிவிட்டாள்.

ஒழுங்கை முடக்கில் வண்டி மறைந்த பிறகும் இருவரும் படலையை மூடவில்லை. குடிலில் புகை மெலிந்துபோயிருந்தது, ஊமல் போட நேரமாகிவிட்டது. சின்னாச்சி போகத் திரும்பினாள்.

"இஞ்சை பார்" என்றான் கதிரவேலு. "அக்கா வாறன் எண்டுதானே சொன்னவ?"

"ஓம்."

"உனக்கும் கேட்டதுதானே?"

"எனக்கும் கேட்டது" என்றாள் சின்னாச்சி.